ஜிப்ஸியில் முன் ஹப்பை எப்போதும் லாக்கிலேயே விடலாமா?

ஆழியாறு மோட்டார்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதத்துக்கு முன் 2003 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது என் தொழில். வால்பாறையைத் தாண்டி நான்கைந்து எஸ்டேட்களில் பம்ப் பார்க்கிறேன், மாதத்தில் ஆறேழு தடவை மலை ஏற வேண்டும். பின்னால் மோட்டார், கேபிள், செயின் பிளாக் என்று 200 கிலோவாவது எப்போதும் இருக்கும். இதுவரை ஓட்டியதெல்லாம் ஆம்னி. ஃபோர் வீல் வண்டி இதுதான் முதல்.

முன் சக்கரத்தின் நடுவில், ஹப்பின் மேல், ஃப்ரீ, லாக் என்று எழுதிய டயல் இருக்கிறதல்லவா, அதைப் பற்றித்தான் குழப்பம். வண்டியை விற்றவர், "எப்போதும் லாக்கிலேயே விட்டுவிடு, திருகிக்கொண்டே இருந்தால் கெட்டுப்போகும்" என்றார். கூட வேலை செய்யும் நண்பரோ, லாக்கில் வைத்துத் தார் ரோட்டில் ஓட்டினால் முன் கிரவுன், அதாவது முன் ஆக்சில் நடுவே இருக்கும் பெரிய பல் சக்கரம், உடையும் என்கிறார். யார் சொல்வது சரி?

இன்னொரு விஷயம். போன வாரம் நல்ல மழை. ஆழியாறு செக்போஸ்டிலேயே இரண்டு ஹப்பையும் லாக் செய்து, லீவரை நான்கு சக்கரமும் இழுக்கும் 4H-ல் போட்டு ஏறினேன். பத்தாவது வளைவுக்குள்ளேயே ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. திரும்பும்போது டயர் தேய்ந்து இழுக்கிற மாதிரி சத்தம். அங்கேயே ஓரமாக நிறுத்தி, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் 2H-க்கு லீவரைத் தள்ளினால் வரவே இல்லை. பத்து நிமிடம் போராடி, வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே எடுத்ததும் படாரென்று விழுந்தது. ஏதாவது உடைந்திருக்குமா?

இடது பக்க டயல் கையால் திரும்பாது. பிளையர் போட்டுத்தான் திருகுகிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பீளமேடு 410:

லாக்கிலேயே விடுங்கள் நண்பரே. என் வண்டி ஐந்து வருடமாக அப்படித்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. மைலேஜ் லிட்டருக்கு அரை கிலோமீட்டர்கூடக் குறைந்ததாகத் தெரியவில்லை. 4H போட்டதுதான் தப்பு.

மேட்டு ஷெட் மெக்கானிக்:

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எதுவும் உடைந்த மாதிரி இல்லை. ஆனால் இடது ஹப் வேலை செய்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். நான் 31 வருடம் எஸ்டேட் ஷெட்டில் இருந்தவன். வில்லிஸ், மஹிந்திரா, ஜிப்ஸி எல்லாவற்றின் முன் ஆக்சிலையும் பிரித்துக் கோத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் நண்பரும், விற்றவரும், நீங்களும் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். ஹப் வேறு, லீவர் வேறு.

ஹப் என்பது சக்கரத்துக்கும் உள்ளேயிருந்து வரும் ஆக்சில் ஷாஃப்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பல் வளையம். லாக் வைத்தால் வளையம் நகர்ந்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். ஃப்ரீ வைத்தால் விலகிக்கொள்ளும், முன் சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரித் தன் பேரிங்கில் தனியாகச் சுற்றும். அவ்வளவுதான் அதன் வேலை. எஞ்சினிலிருந்து முன்பக்கம் சக்தி போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர், அதாவது நீங்கள் 4H, 2H என்று தள்ளிய லீவர்.

ஹப் லாக், லீவர் 2H. இப்படி ஓட்டினால் என்ன நடக்கும்? சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே ஷாஃப்ட், கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்கு வரும் நீளத் தண்டான முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் சும்மா கூடவே சுற்றும். சுமை ஒன்றும் இல்லை. கொஞ்சம் சத்தம், கொஞ்சம் தேய்மானம், கொஞ்சம் பெட்ரோல். தார் ரோட்டில் ஊட்டி வரைக்கும் போகலாம், கன்னியாகுமரி வரைக்கும் போகலாம், எதுவும் உடையாது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகளில் ஃப்ரீ ஹப்பே கிடையாது. போர் முடிந்து அந்த ஜீப்புகளை அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் வாங்கி ரோட்டில் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான், 1948-ல் சியாட்டிலில் ஆர்தர் வார்ன் இந்த ஹப்பைச் செய்து விற்றார். ரோட்டில் போகும்போது முன் ஆக்சில் வீணாகச் சுற்ற வேண்டாம் என்பதற்காக வந்த பொருள் இது.

ஹப் லாக், லீவர் 4H, கீழே காய்ந்த தார் ரோடு. இதுதான் தப்பு. மழை பெய்தாலும் தார் ரோடு தார் ரோடுதான், டயர் நன்றாகவே பிடிக்கும். நம் வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இல்லை. 4H போட்டால் முன் புரொப்பல்லர் ஷாஃப்டும் பின் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன் சக்கரம் வெளியே வீசிப் போகும், பின் சக்கரம் உள்ளே சுருக்கி வரும். ஜிப்ஸிக்கு முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி 2375 மில்லிமீட்டர். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து அரை வட்டம் திரும்பினால் முன்பக்கம் சுமார் 16 மீட்டர் போகிறது, பின்பக்கம் சுமார் 14 மீட்டர்தான் போகிறது. அகலமான வளைவென்றாலும் ஒரு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். சேற்றில் டயர் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை, அதனால் ஷாஃப்டும் கியரும் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இடது வளைவு, வலது வளைவு மாறி மாறி வருகிறதே, கழிந்துவிடாதா என்று கேட்பார்கள். கழியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன் சக்கரம்தான் அதிக தூரம் போகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. நீங்கள் பத்தோடு நிறுத்தியது நல்லது. லீவர் வராமல் நின்றதும் அந்த முறுக்கினால்தான். இன்னொரு தடவை அப்படி மாட்டினால் லீவரோடு சண்டை போடாதீர்கள். சமமான இடமாகப் பார்த்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்து, மெதுவாக ரிவர்ஸில் சில அடி வாருங்கள். முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாக விழும். நீங்கள் முன்னே பின்னே எடுத்தபோது நடந்தது இதுதான்.

ஆக, மழைக்காலத்தில் கீழேயே ஹப்பை லாக் செய்துவிட்டு 2H-ல் ஏறுங்கள். எஸ்டேட் மண் ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் 4H போடுங்கள். செங்குத்தான ஏற்றமோ இறக்கமோ வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு 4L, அதாவது நான்கு சக்கரமும் சின்ன கியரில். இறக்கத்தில் 4L-ன் அருமை ஈர மண்ணில்தான் தெரியும். பிரேக்கைத் தொடாமலே நான்கு சக்கரமும் எஞ்சின் பிடியில் இறங்கும். ஹப் ஃப்ரீயில் கிடந்தால் பின் சக்கரம் இரண்டு மட்டும்தான் பிடிக்கும், பின்பக்கம் பக்கவாட்டில் ஓடப் பார்க்கும்.

இப்போது இடது ஹப்.

1994 ஜூலையில் நடந்தது இது. பழைய 970 சிசி ஜிப்ஸி. நான் அப்போது ஷெட்டில் சேர்ந்து இரண்டு வருடம். மேல் டிவிஷனில் நான்கைந்து பேருக்குக் காய்ச்சல், கம்பவுண்டர் மருந்துப் பெட்டியோடு போக வேண்டும், டிரைவர் லீவு. என்னை அனுப்பினார்கள். மாலை ஏழு மணி, வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. வலது ஹப்பை லாக் செய்தேன். இடது பக்கம் ஷெட் சுவரோடு ஒட்டி நின்றது, மேலே தகரத்திலிருந்து தண்ணீர் அருவியாக விழுகிறது. வெளியே எடுத்து நிறுத்தித் திருகிக்கொள்ளலாம் என்று ஏறி உட்கார்ந்தவன் மறந்துவிட்டேன்.

பாதி ஏற்றத்தில் செம்மண் சரிவு. 4L போட்டும் பின் சக்கரம் இரண்டும் குழி தோண்டுகிறது, முன் சக்கரம் அசையவே இல்லை. முன் கிரவுன் போய்விட்டது என்றே நினைத்தேன். கம்பவுண்டர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தார், நான் டார்ச் பிடித்துக்கொண்டு கூட நடந்தேன். காலெல்லாம் அட்டை. மறுநாள் காலை பெரிய மேஸ்திரி வந்தார். சக்கரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து இடது டயலைத் திருகினார். வண்டியை எடு என்றார். ஏறிவிட்டது.

காரணம் இதுதான். முன் டிஃபரன்ஷியல், எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம்தான் சக்தியை விடும். வரப்பு உடைந்த பக்கம் தண்ணீரெல்லாம் ஓடுகிற மாதிரி. ஒரு ஹப் ஃப்ரீயில் இருந்தால் அந்தப் பக்கத்து ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், லாக் ஆன சக்கரத்துக்கு ஒன்றும் வராது. ஒரு பக்கம் மட்டும் லாக் என்றால் ஃபோர் வீல் இல்லை என்றே அர்த்தம். அதோடு 2H-ல் ஒரு பக்கம் லாக், ஒரு பக்கம் ஃப்ரீ என்று ஓட்டினால் டிஃபரன்ஷியல் உள்ளே இருக்கும் பினியன் என்ற சின்னப் பல் சக்கரங்கள் ஓயாமல் சுற்றித் தேயும். லாக் என்றால் இரண்டும் லாக், ஃப்ரீ என்றால் இரண்டும் ஃப்ரீ.

உங்கள் இடது டயல் லாக் என்று காட்டுவதால் உள்ளே லாக் ஆகியிருக்கிறது என்று நம்பாதீர்கள். சோதித்துப் பாருங்கள். சம தரையில் பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, லீவர் 2H, இரண்டு ஹப்பும் லாக். இடது முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். அடியில் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை, சக்கரம் மட்டும் கனமே இல்லாமல் தனியாகச் சுற்றுகிற பக்கம்தான் அது. அதேபோல் வலதையும் பாருங்கள்.

பிளையர் இனி வேண்டாம் தம்பி. டயல் அலுமினியம், விளிம்பு உடைந்தால் அப்புறம் எதைப் பிடித்துத் திருகுவீர்கள்? பல் நேருக்கு நேர் முட்டி நின்றாலும் டயல் திரும்பாது, வண்டியை ஓரடி உருட்டினால் சரியாகிவிடும். அப்படியும் வராவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சூரியநெல்லி ஜீப்:

அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. நான் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றுகிறேன். கொழுக்குமலை தேனி மாவட்டம், ஆனால் வண்டிப் பாதை கேரளாப் பக்கம் இருந்துதான், அதுவும் ஜீப்புக்கு மட்டும். என் மஹிந்திராவில் ஃப்ரீ ஹப் கிடையாது, சக்கரத்தையும் ஷாஃப்டையும் எப்போதும் சேர்த்தே பிடிக்கும் கட்டையான ஃபிளாஞ்ச்தான். முன் ஆக்சில் எப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. 11 வருடத்தில் முன் கிரவுனைத் தொட்டதில்லை, யூ ஜாயின்ட் மட்டும் இரண்டு தடவை மாற்றினேன்.

நடுவில் ஒரு வருடம் ஃப்ரீ ஹப் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். தினமும் விடியற்காலை நாலரைக்கு மலை ஏறுகிறவனுக்கு அது தேவையில்லை என்று கழற்றிவிட்டேன். தினமும் ஃபோர் வீல் தேவைப்படுகிறவர் லாக்கிலேயே விடலாம்.

ஆழியாறு மோட்டார்காரன்:

ஐயா, இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி.

நேற்று ஜாக்கி போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் சுற்றினால் உள்ளே கியரும் சேர்ந்து சுற்றுகிற கனம் கையில் தெரிகிறது, ஆனால் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றவில்லை. இடது பக்கம் சக்கரம் மட்டும் கனமே இல்லாமல் சுற்றுகிறது, ஷாஃப்டும் அசையவில்லை. டயல் லாக்கில்தான் இருந்தது. ஆனால் ஒன்று புரியவில்லை. ஒரு பக்கம் பிடிக்கவே இல்லை என்றால் அன்றைக்கு வளைவில் ஏன் அப்படி முறுக்கியது?

மேட்டு ஷெட் மெக்கானிக்:

நல்ல கேள்வி தம்பி. அன்றைக்கு அது பிடித்திருக்கிறது. பிளையர் போட்டு அழுத்தித் திருகியதில் வளையம் உள்ளே போயிருக்கும். திரும்பி வந்து நீங்கள் ஃப்ரீ வைத்தபோது விலகியது, மறுபடி லாக் வைத்தபோது கிரீஸ் காய்ந்து பிடித்துக்கொண்டதால் அங்கேயே நின்றுவிட்டது. டயலுக்கும் வளையத்துக்கும் நடுவே ஸ்பிரிங் இருக்கிறது. அதனால் டயல் ஒன்றைக் காட்டும், உள்ளே வேறொன்று இருக்கும். சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது. இந்த நிலையில் இருக்கும் ஹப்பை நம்பிச் சரிவில் இறங்காதீர்கள்.

கழற்றுவது கஷ்டமில்லை. டயலை ஃப்ரீயில் வைத்து, மூடியைச் சுற்றியுள்ள சின்ன போல்ட்டுகளைக் கழற்றுங்கள். மூடியோடு டயலும் வளையமும் வந்துவிடும். எது எப்படி இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள் பாகத்தையும் எடுக்க வேண்டும் என்றால் ஷாஃப்ட் முனையில் சர்க்ளிப் என்ற ஒரு வட்டக் கிளிப் இருக்கும், அது பறந்து போகாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு எடுங்கள்.

டீசலில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, வளையம் நகரும் இடத்தில் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். எல்லோரும் தப்பு செய்யும் இடம் இது. வீல் பேரிங்குக்கு அடைக்கிற மாதிரி கை நிறைய அள்ளி அடைத்துவிடுவார்கள். வளையத்தைத் தள்ளுவது சின்ன ஸ்பிரிங், கிரீஸ் கெட்டியாக அடைந்து கிடந்தால் அதனால் தள்ள முடியாது. மலைக் குளிரில் இன்னும் மோசம். மூடிக்குப் புது பேப்பர் பேக்கிங் போடுங்கள். மாட்டும்போதும் டயல் ஃப்ரீயில்தான் இருக்க வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம், அலுமினியத்தில் மரை போனால் வேலை இரட்டிப்பு.

கொடைக்கானல் தார்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். ஹப்பை ஃப்ரீயில் வைத்து லீவரை 4L-ல் போட்டால் பின் சக்கரத்துக்கு மட்டும் சின்ன கியர் கிடைக்குமே, அது நல்லதா? அப்புறம், தானாக லாக் ஆகும் ஹப் உள்ள வண்டிகளுக்கும் இதே விதிதானா?

மேட்டு ஷெட் மெக்கானிக்:

கிடைக்கும். கான்கிரீட் தரையில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க, ஷெட்டுக்குள் இஞ்ச் இஞ்ச்சாக நகர்த்த நான் அப்படிப் பயன்படுத்தியிருக்கிறேன். ஸ்டியரிங் முறுக்காது, கிளட்ச் தீயாது. ஆனால் நான்கு சக்கரத்துக்குப் பிரிய வேண்டிய பலம் முழுக்கப் பின் ஆக்சிலுக்கே போகிறது. பாரம் ஏற்றிய வண்டியை அப்படி வைத்துக் குழியிலிருந்து இழுத்தால் பின் ஷாஃப்டை முறித்துவிடுவீர்கள். சமதரை, மெதுவான வேலை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தானியங்கி ஹப்பில் திருகும் வேலை இல்லை, லீவர் போட்டு வண்டி நகர்ந்ததும் லாக் ஆகும். விடுவிக்க 2H-க்கு மாற்றிவிட்டு, வந்த திசைக்கு எதிர்த் திசையில் இரண்டு மூன்று மீட்டர் நேராக உருட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு டக் டக் என்று சத்தம் போடும். தார் ரோட்டில் ஃபோர் வீல் கூடாது என்பது அதற்கும் உண்டு.

ஆழியாறு மோட்டார்காரன்:

முடிந்தது ஐயா. மூடியைத் திறந்தால் உள்ளே கிரீஸ் பழம்புளி மாதிரி கறுத்துக் காய்ந்திருந்தது. வளையத்தை விரலால் நகர்த்தவே முடியவில்லை. இரவு முழுக்க டீசலில் போட்டுவிட்டேன். ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. டயல் விளிம்பில் பிளையர் கடித்த தழும்பு இருக்கிறது, அரம் போட்டுச் சமன் செய்தேன். இப்போது இரண்டு விரலால் திரும்புகிறது, டக்கென்று விழும் சத்தம் கேட்கிறது. ஜாக்கியில் மறுபடி பார்த்தேன், இரண்டு பக்கமும் ஷாஃப்ட் சுற்றுகிறது.

வியாழக்கிழமை மலை ஏறினேன். ஹப் லாக், லீவர் 2H. 40 வளைவும் பஞ்சு மாதிரி. சின்னக்கல்லார் பக்கம் பம்ப் ஹவுஸுக்கு இறங்கும் மண் ரோட்டில் மட்டும் 4L. இதற்கு முன் அந்த இறக்கத்தில் வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு மோட்டாரை நான்கு பேர் கட்டித் தூக்கித்தான் இறக்குவோம். வியாழக்கிழமை வண்டியே கீழே போய் நின்றது, ஏற்றிக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டது. கூட வந்த பையன்களுக்கு நம்பவே முடியவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. வெயில் காலத்தில் என்ன செய்வது?

மேட்டு ஷெட் மெக்கானிக்:

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது தம்பி. நான்கு பேர் தோளில் சுமை குறைந்ததே, அது போதும்.

ஜூனிலிருந்து நவம்பர் வரை உங்கள் தொழிலுக்கு லாக்கிலேயே விடுங்கள். ஜனவரிக்குப் பிறகு பொள்ளாச்சி, உடுமலை என்று கீழேயே ஓடுவதாக இருந்தால் ஃப்ரீ வைக்கலாம், வண்டி கொஞ்சம் லேசாக ஓடும். ஆனால் மாதத்தில் ஒரு நாள் இரண்டையும் லாக் செய்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், 2H-லேயே. ஃப்ரீயில் மாதக்கணக்காக விட்டால் முன் ஹவுசிங்கில் ஆயில் அடியில் தங்கி, மேலே இருக்கும் பேரிங்கும் பல்லும் காய்ந்துபோகும். கிரவுன் சுற்றினால்தான் ஆயில் தெறிக்கும். டயலும் இறுகாமல் இருக்கும்.

ஓடையில் ஹப் மூழ்கும் அளவுக்கு இறங்கினால், அந்த வாரமே மூடியைத் திறந்து பாருங்கள். கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, துடைத்துப் புதிதாகத் தடவி, பேக்கிங்கை மாற்றுங்கள்.

இன்னொன்று. லாக் செய்யும்போது இடது ஹப்பை முதலில் திருகுங்கள். வலது பக்கம் டிரைவர் பக்கம், கதவைத் திறக்கப் போகும்போது எப்படியும் கண்ணில் படும். அந்த 1994 மழைக்குப் பிறகு நான் ஒரு நாளும் இதை மாற்றியதில்லை.